பாலாற்றுக்கு மேலே ஒரு அன்னப்பறவை!

ராணிப்பேட்டைக்கு யாராவது டூர் வருவீங்களா? வர மாட்டீங்க. தெரியும்! வேலூர் என்றால் கோட்டை, ஆம்பூர் என்றால் பிரியாணி, ஆற்காடு என்றால் மக்கன் பேடா. ராணிப்பேட்டை என்றால்..? சிப்காட் வந்ததும் கர்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, பஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாண்டிப் போகிற ஊர். பரவாயில்லை, கோபமில்லை. ஆனால், இந்த வாரம் உங்களை முத்துக்கடை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடாமல் நான் ஓயப்போவதில்லை. காரணம் தோல் மட்டும் இல்லை. விண்வெளி!

சிரிக்காதீங்க பாஸ். 2025 ஜூன் 26-ம் தேதி, நம்ம நேரப்படி மாலை 4 மணி வாக்கில், சுபான்ஷு சுக்லா போன டிராகன் கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஜூலை 14 வரை அவர் குடியிருந்தது அங்கேதான். அந்த நிலையம் ஒரு நாளைக்குச் சுமார் பதினாறு தடவை பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நம்ம ஊர் இருக்கிற அட்சரேகையை இரண்டு தடவை தாண்டுகிறது. அதில் எப்போதாவது ஒரு தடவை கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேலேயே! எவ்வளவு உயரம்? சுமார் 400 கிலோமீட்டர். ராணிப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூர் போகிற ரோட்டை அப்படியே நிமிர்த்தி வைத்தால் தொட்டுவிடும். என்ன வேகம்? முத்துக்கடையில் சென்னை பஸ் பிடித்தால், காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று நின்று நிதானித்துப் போய்ச் சேர மூணு மணி நேரம். அவங்களுக்கு அதே தூரம் 15 விநாடி!

பார்க்கிறது ரொம்ப ஈஸி. டெலஸ்கோப் வேண்டாம். சூரியன் இறங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் விடியற்காலையில் சூரியன் வருவதற்கு முன்னால். அந்த நேரத்தில் நமக்கு இருட்டு, ஆனால் அவ்வளவு உயரத்தில் இன்னும் வெயில். அந்த வெயில் பட்டுத்தான் நிலையம் மின்னுகிறது. எந்த நாளில் எந்தத் திசையில் வரும் என்று நாசாவே அட்டவணை போட்டுச் சொல்லிவிடும். ஒரு வெள்ளைப் புள்ளி, கண் சிமிட்டாமல், அவசரமே இல்லாத மாதிரி நகரும். சிமிட்டினால் அது விமானம், விட்டுவிடுங்க. அதிகபட்சம் ஐந்தாறு நிமிஷம். அப்புறம் நடுவானத்திலேயே யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி காணாமல் போகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

சிப்காட் பக்கம் விளக்கு வெளிச்சம் ஜாஸ்தி. அதனால் பார்க்கச் சரியான இடம், ராணிப்பேட்டைக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே இருக்கிற பாலாற்றுப் பாலம். அங்கே நின்று வடகிழக்கே கையை நீட்டினால் நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் மேகம் மட்டும் ஒத்துழைத்தால் அந்த நெருப்புக்கோட்டையும் இங்கிருந்தே பார்க்கலாம். (இல்லை, எனக்கு நட்சத்திரம்தான் வேணும் என்று அடம்பிடிப்பவர்கள் வாணியம்பாடி தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர் போகவும். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் வைனு பாப்பு டெலஸ்கோப் இருக்கிறது. அது வேறு கட்டுரை!)

சரி, மேலே போனவர்கள் யார்? ஆக்ஸியம்-4 என்ற அந்தப் பயணத்தில் நாலு பேர். கமாண்டர் பெக்கி விட்சன், அமெரிக்கர், அப்போது 65 வயது. இந்தப் பயணத்தோடு சேர்த்து மொத்தம் 695 நாள் விண்வெளியில் கழித்தவர். இந்த வயதில் நம்ம வீட்டுப் பாட்டிகளை மாடிப்படி ஏறக்கூடாது என்று அதட்டிக்கொண்டு இருக்கிறோம்! பைலட் நம்ம சுபான்ஷு சுக்லா. லக்னோக்காரர், விமானப்படை குரூப் கேப்டன். கூடவே போலந்தின் ஸ்லாவோஷ் உஸ்னான்ஸ்கி, ஹங்கேரியின் திபோர் கபு. இதில் ஒரு சுவாரஸ்யம் கவனிச்சீங்களா? போலந்துக்காரர் ஒருவர் முதலில் போனது 1978-ல். ஹங்கேரி 1980. இந்தியா 1984, நம்ம ராகேஷ் சர்மா. மூன்று பேருமே சோவியத் ராக்கெட்டில் ஓசி டிக்கெட்டில் போனவர்கள். அதற்கப்புறம் மூன்று நாடுகளுக்கும் நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருப்பு. ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3-ல் கிளம்பி சல்யூத்-7 நிலையத்தில் தங்கி ஏப்ரல் 11-ல் இறங்கியபோது என் அப்பாவே ஸ்கூல் பையன்.

சுக்லாவின் பயணம் சுலபத்தில் கிளம்பவில்லை. முதலில் மே 29 என்றார்கள். அப்புறம் ஜூன் 8, 10, 11, 19, 22... நம்ம யுனிவர்சிட்டி ரிசல்ட் தேதி மாதிரியே தள்ளிக்கொண்டே போனது. ஒரு தடவை வானிலை. ஒரு தடவை ஃபால்கன்-9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு. இன்னொரு தடவை விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவு பற்றிய ஆராய்ச்சி. அந்த ஆக்சிஜன் கசிவு விஷயத்தில், முழுசாகச் சரி செய்யாமல் கிளப்பக்கூடாது என்று நம்ம இஸ்ரோ குழு பிடிவாதமாக நின்றதாக அதன் தலைவர் வி.நாராயணன் பிற்பாடு சொன்னார். கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவர். ஒரு சின்னக் கசிவுக்காக உலகமே காத்திருந்தது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. கீழே ராணிப்பேட்டையில் இதற்கு வேலை இருக்கிறது.

ஜூன் 25 மதியம் 12.01-க்கு ஒருவழியாகக் கிளம்பியது. சுற்றுப்பாதைக்குப் போனதும் எடை போய்விட்டது என்று காட்டுவதற்கு, கலத்துக்குள் ஒரு பொம்மையை மிதக்க விடுவது வழக்கம். இவர்கள் கொண்டு போனது ஒரு குட்டி அன்னப் பொம்மை. பெயர் ஜாய். அன்னம் நம்ம ஊரில் அறிவுக்கும் பகுத்துப் பார்ப்பதற்கும் அடையாளம் என்று சுக்லா அங்கிருந்து விளக்கம் கொடுத்தார். அன்னப்பறவை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலையும் நீரையும் கலந்து வைத்தால் பிரித்துவிடும். எனக்கு உடனே தோன்றியது எங்க ஆறுதான். பெயரே பாலாறு! ஆனால் இங்கே நீரிலிருந்து பிரிக்க வேண்டியது பால் இல்லை. உப்பு, சுண்ணாம்பு, குரோமியம்.

இப்ப நீங்க முத்துக்கடையில் இறங்கியாச்சு. செஞ்சி தேசிங்கு ராஜன் 1714-ல் போரில் மடிந்தபோது அவனுடைய இளம் ராணி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாக ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் உண்டாக்கிய ஊர் இது என்று சொல்வார்கள். அந்த ராணியின் பேட்டை 2019 நவம்பரில் தனி மாவட்டத் தலைநகரம் ஆகிவிட்டது. ஒரு பக்கம் பெல் தொழிற்சாலை. அனல் மின்நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடித்து வைக்கும் ராட்சசப் பெட்டிகள் செய்கிற இடம். இன்னொரு பக்கம் பாரி கம்பெனி வளாகம். பாரிவேர் என்று நீங்க பாத்ரூமில் தினமும் படிக்கிற பெயர் இருக்கே, அந்தப் பீங்கான் சமாச்சாரமெல்லாம் உருவானது எங்க ஊரில்தான். இந்தியாவை உட்கார வைத்த ஊர் என்று நாங்க பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஹி... ஹி...

அப்புறம் டேனரிகள். உள்ளே போனால் மரத்தாலான பெரிய பெரிய டிரம்கள், ஒரு ஆளை விட உயரம், மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். முதலில் அந்த உப்பைக் கழுவ வேண்டும். அப்புறம் முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும். அப்புறம் அமிலம். கடைசியில் குரோமியம் சல்ஃபேட். அதில் ஊறி வெளியே வருகிற தோல் வெளிர் நீலமாக இருக்கும், 'வெட் ப்ளூ' என்பார்கள். நீங்க போட்டிருக்கிற ஷூவுக்கும் உங்க பெல்ட்டுக்கும் இப்படி ஒரு நீலக் காலம் இருந்திருக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்பில் எழுதியது.

அந்தத் தீர்ப்பை லா காலேஜ் நண்பர்களிடம் கேளுங்க, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கு, 1996 ஆகஸ்ட் 28. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உட்கார வைத்தது எங்க பாலாறு! டேனரிக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ கெட்டுப் போனது என்ற கணக்கும் அதில்தான் இருக்கிறது. 2006-ல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு பட்டியல் போட்டது. செர்னோபில் அதில் இருந்தது. ராணிப்பேட்டையும் இருந்தது. அதற்கு முக்கியக் காரணம் டேனரிகூட இல்லை. டேனரிகளுக்காகக் குரோமியம் ரசாயனம் தயாரித்த ஒரு ஆலை. 1990-களில் அது மூடப்பட்டபோது, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை மலை மாதிரி குவித்து அப்படியே விட்டுவிட்டது. அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் தருவது. மழை பெய்தால் மஞ்சளாகக் கரைந்து நிலத்தடிக்கு இறங்கும். டிரம்மில் போடுகிற மூன்று இணைதிறன் குரோமியம் வேறு, இது வேறு. பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் படித்ததை இப்படி ஊருக்குள்ளேயே பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்க!

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தோல்தான் இங்கே ஆயிரக்கணக்கான வீட்டில் உலை வைக்கிறது. ஷூ கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற காலை நேரத்தை வாலாஜா ரோட்டில் வந்து பாருங்க. அதனால் 'எல்லாத்தையும் மூடு' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. கோர்ட்டு உத்தரவுகளுக்கு அப்புறம் டேனரிகள் கூட்டாகச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. கழிவு நீர் அங்கே வரும். முதலில் கசடு பிரிப்பார்கள். பாக்டீரியாவை விட்டுத் தின்ன வைப்பார்கள். பிறகு ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் மெம்பரேன். ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வந்து திரும்ப டேனரிக்கே போகும். இன்னொரு பக்கம் உப்பு மொத்தமும் சேர்ந்த கெட்டிக் கரைசல். அதைக் கொதிக்க வைத்துச் சுண்ட வைத்தால் கடைசியில் மிஞ்சுவது உப்பு மூட்டை. வெளியே ஒரு சொட்டும் விடாத முறை என்று இதற்குப் பெயர். அதாவது, எங்க ஊர் அன்னப்பறவை!

இப்ப மறுபடி மேலே பாருங்க.

சுக்லா போய்ச் சேர்ந்தபோது நிலையத்தில் ஏற்கெனவே ஏழு பேர். ஆக மொத்தம் பதினோரு பேர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, துடைத்துக்கொள்ள ஏறக்குறைய நாலு லிட்டர் தண்ணீர். எல்லாவற்றையும் ராக்கெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தால் கட்டுபடியாகாது. அதனால் விடுகிற மூச்சில் இருக்கும் ஈரம், வியர்வை, சிறுநீர் எதையும் விடுவதில்லை. அங்கே பாரிவேர் வேலைக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றினால் அது பந்து பந்தாக முகத்துக்கு வந்துவிடும். அதனால் காற்றுதான் உறிஞ்சும். உறிஞ்சியதை வெற்றிடத்தில் வைத்துக் காய்ச்சி வடிப்பார்கள். வடித்ததையும் காற்றிலிருந்து பிடித்த ஈரத்தையும் சேர்த்து வடிகட்டி, சூடான வினையூக்கி வழியாக விட்டு, அயோடின் சேர்த்தால் குடிதண்ணீர் ரெடி. காய்ச்சி வடித்த பிறகும் மிஞ்சுகிற கெட்டி உப்புக் கரைசலை ஒரு மெம்பரேன் பைக்குள் போட்டு, வெதுவெதுப்பான காற்றால் உலர்த்தி அதில் இருக்கும் தண்ணீரையும் கறந்துவிடுகிறார்கள். அந்தக் கருவி 2021-ல் மேலே போனது. 2023-ல், இப்போது 98 சதவீதத் தண்ணீரைத் திருப்பி எடுக்கிறோம் என்று நாசா அறிவித்தது.

வடிகட்டல், மெம்பரேன், கெட்டிக் கரைசல், ஆவியாக்கல், மிச்ச உப்பு. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? இது அப்படியே சிப்காட்!

இருங்க, இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. நான் கெமிக்கல் இன்ஜினீயரிங். செமினாருக்காக இதைப் படித்தபோது ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சிறுநீர் குழாயில் கிடந்தால் கிருமி வளரும், யூரியா உடைந்து அம்மோனியா ஆகும். அதைத் தடுக்க விண்வெளி நிலையத்துக் கழிப்பறையிலேயே அதோடு ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள். அதில் இருப்பது ஒரு அமிலமும் குரோமியம் டிரையாக்சைடும். ஆறு இணைதிறன் குரோமியம்! எங்க ஊரில் மலையாகக் கிடக்கிற அதே ஆசாமி, மேலே போய்க் கழிப்பறை வேலை பார்க்கிறார்.

இன்னொன்று. எடையே இல்லாமல் மிதந்தால் எலும்பு கரையும். கரைந்த கால்சியம் சிறுநீரில் போகும். முதலில் அவர்கள் சேர்த்துக்கொண்டிருந்தது கந்தக அமிலம். கால்சியமும் சல்ஃபேட்டும் சேர்ந்தால் ஜிப்சம். 2009-ல் அந்த ஜிப்சம் படிந்து காய்ச்சி வடிக்கும் கருவியே அடைத்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். எங்க ஊர் சுத்திகரிப்பு நிலையத்தில் மெம்பரேன் மாற்றுகிற அண்ணன்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியமே பட மாட்டார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் படிந்து அடைத்துக்கொள்வது அவர்களுக்கு அன்றாடம். அங்கே எலும்பின் கால்சியம், இங்கே டிரம்மின் சுண்ணாம்பு. அடைப்பு ஒன்றுதான்.

டீக்கடையில் ஒரு டிரம் ஆபரேட்டர் அண்ணனிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். இருபது வருஷ சர்வீஸ். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னா பாப்பா சொல்ற... மூத்திரத்தயா சுத்தம் பண்ணிக் குடிக்கிறாங்க?"

"ஆமாண்ணா. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு."

"தூக்கிப் போட எடம் இல்லியா?"

"இல்லண்ணா. எல்லாமே மூடின பொட்டி."

"ஆறு கீறு எதுவும் இல்ல."

"இல்லண்ணா."

"அப்ப சுத்தம் பண்ணித்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மேலே இருக்கிறவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் அந்தக் கடைசி உப்புப் பையை என்ன செய்வது என்ற பிரச்னை இருக்கிறது. அதைக் குப்பையோடு சேர்த்துச் சரக்குக் கலத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். குப்பை ஏற்றிய சரக்குக் கலம் காற்று மண்டலத்தில் நுழைந்து எரிந்துபோகும். அவர்களுக்கும் கடைசியில் ஒரு 'வெளியே' தேவைப்படுகிறது. எங்க ஊரில் அந்தக் கடைசி உப்பை எரிக்க முடியாது, விற்க முடியாது, கடலில் கொட்ட அனுமதி எளிதில் கிடைக்காது. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கத்தான் முடியும். ஷெட் நிரம்பினால்? இந்தக் கேள்விக்கு நிரந்தரமான பதில் யாரிடமும் கேட்டதில்லை.

கசிவை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? 2015 ஜனவரி 31, விடிவதற்கு முன்னால், இதே சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுக்லா உட்கார்ந்த ராக்கெட்டில் ஒரு கசிவு தெரிந்ததும் புறப்பாட்டை நிறுத்தி, நாள்கணக்கில் தேடி, சரி செய்தோம் என்று நிரூபித்த பிறகுதான் ஆளை ஏற்றினார்கள். நாலு உயிருக்கு அவ்வளவு மரியாதை. அது சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கும் அதே மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் பி.இ. படித்திருக்கத் தேவையில்லை.

"ஒருத்தரை அனுப்ப 550 கோடி ரூபாயாம். அந்தப் பணத்தில் எத்தனை சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம்?" ஹாஸ்டலில் இந்தச் சண்டை விடிய விடிய நடந்தது. சண்டையில் நான் சுக்லா கட்சி. காரணம், அவர் அங்கே செய்த வேலை. இந்தியாவுக்காக அவர் கொண்டுபோன ஏழு பரிசோதனைகளில் ஒன்று சயனோபாக்டீரியா பற்றியது. நீலப்பச்சைப் பாசி என்று படித்திருப்பீங்க. அதை ஒரு தொகுதியில் நைட்ரேட் கொடுத்தும் இன்னொரு தொகுதியில் யூரியா கொடுத்தும் வளர்த்துப் பார்ப்பது. யூரியா எங்கிருந்து கிடைக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்! கழிவை உரமாக்கி, அதில் பாசி வளர்த்து, அதையே சாப்பிட்டு, அது விடுகிற ஆக்சிஜனையும் மூச்சு வாங்கிக்கொள்ளலாமா என்பதுதான் விஷயம். இன்னொன்றில் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைகட்டினார். விண்வெளி நிலையத்தில் நம்ம வீட்டுச் சுண்டல்! கழிவிலிருந்து பயிர் என்பது அவர்களுக்கு வருங்காலக் கனவு. கழிவால் பயிர் போனது என்பது எங்க ஊர்ப் பழைய கதை. இரண்டையும் ஒரே ஆள் உட்கார்ந்து யோசித்தால் என்ன?

ஜூலை 15 மதியம் 3 மணிக்கு, அமெரிக்காவின் சான் டியகோ கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் கலம் இறங்கியது. சுக்லாவின் 20 நாள் முடிந்தது. அடுத்தது ககன்யான். நம்ம ராக்கெட், நம்ம கலம், நம்ம மண். அதற்குத் தேர்வான நாலு பேரில் சுக்லாவோடு பிரசாந்த் நாயர், அங்கத் பிரதாப், அஜித் கிருஷ்ணன். அஜித் கிருஷ்ணன் பிறந்தது சென்னையில். ராக்கெட் நம்மிடம் இருக்கிறது. கஷ்டமான பகுதி என்ன தெரியுமா? உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று, ஈரம், வெப்பம், கழிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் உயிர்காப்பு அமைப்பு. அதை விற்க எந்த நாடும் தயாராக இல்லை, அதனால் நாமே செய்ய வேண்டியிருக்கிறது என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் வெளிப்படையாகவே சொன்னார். ககன்யான் சில நாள் பயணம்தான், தண்ணீரைக் கொண்டுபோய்ச் சமாளித்துவிடலாம். ஆனால் 2035-ல் சொந்த விண்வெளி நிலையம் என்று திட்டம் இருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் ஆள் இருக்க வேண்டும். அப்போது சிறுநீரை வடிக்கவும், மெம்பரேனில் ஜிப்சம் படியாமல் பார்க்கவும், குரோமியத்தைப் பத்திரமாகக் கையாளவும், கடைசி உப்பை என்ன செய்வது என்று யோசிக்கவும் ஆள் வேண்டும்.

எங்க கிளாஸில் கெமிக்கல் படித்துவிட்டு எல்லாரும் கோடிங் கற்றுக்கொண்டிருக்கிறோம். நானும்தான். ஆனால், போன செமஸ்டரில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனபோது, கண்ட்ரோல் ரூமில் ஒரு அக்கா சுவரில் அழுத்தமானி அளவுகளை மணிக்கு ஒரு தடவை கையால் எழுதி ஒட்டி வைத்திருந்தார். மெம்பரேன் எந்த மணியிலிருந்து அடைக்க ஆரம்பித்தது என்று அந்தத் தாளைப் பார்த்தே சொன்னார். எந்த சாஃப்ட்வேரும் இல்லை. நாற்பது பேர் போனோம். எனக்கும் இன்னொருத்திக்கும் மட்டும் அங்கே கொஞ்ச நேரம் கூட நிற்கத் தோன்றியது. அவள் இப்போது பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குக் கெட்டிக் கரைசலையே எடுத்திருக்கிறாள்.

நீங்களும் வரணும்னா, காலேஜ் லெட்டர்ஹெட்டில் ஒரு மாதம் முன்னாடியே கடிதம் போடுங்க, நேரில் போய்க் கேட்டால் விட மாட்டார்கள். காலையில் பிளான்ட். மூக்கு முதல் அரை மணி நேரம்தான் தகராறு பண்ணும், அப்புறம் பழகிவிடும். மதியம் ஆற்காட்டில் மக்கன் பேடா, சூடாக இருந்தால் இரண்டு. சாயங்காலம் அட்டவணையில் நேரம் பார்த்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்துக்கு வந்துவிடுங்க. கீழே பெரும்பாலும் மணல்தான் இருக்கும். மேலே இப்போதும் ஆள் இருக்கிறார்கள், நேற்றைய தண்ணீரையே இன்றைக்கும் குடித்துக்கொண்டு.